ஹட்டன் கார்டன் பெட்டகக் கொள்ளை: கேள்வி பதில்

2015 ஈஸ்டர் விடுமுறையில் லண்டன் நகைக்கடைத் தெருவான ஹட்டன் கார்டனில் நடந்த பாதுகாப்புப் பெட்டகக் கொள்ளை பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

சார், அவ்வளவு கனமான இரும்புக் கதவை எப்படி உடைத்தார்கள்?

கதவைத் தொடவே இல்லை. லிஃப்ட் குழி வழியாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி, 50 செ.மீ. கான்கிரீட் சுவரை வைர முனை டிரில்லால் துளைத்தார்கள். உள்ளே பெட்டக அலமாரி குறுக்கே நின்றது. அதைத் தள்ளக் கொண்டுபோன ஹைட்ராலிக் கருவி உடைந்துவிட, வெள்ளிக்கிழமை காலை வெறுங்கையோடு திரும்பினார்கள். வேறு யாராவது என்றால் ‘விட்டால் போதும்’ என்று ஓடியிருப்பார்கள். இவர்கள் புதுக் கருவி வாங்கிக்கொண்டு சனி இரவு மறுபடி வந்தார்கள்! 73 பெட்டிகள் காலி.

அலாரம் அடிக்கவில்லையா?

அடித்தது. காவலர் வந்து வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விட்டார். போலீஸ் வரவே இல்லை. போயிருக்க வேண்டும் என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

கேமராப் பதிவையும் தூக்கிக்கொண்டு போனார்களாமே, அப்புறம் எப்படி மாட்டினார்கள்?

கட்டடத்துப் பதிவை எடுத்தார்கள், சரி. தெருக் கேமராக்களை எப்படி எடுப்பது? கும்பலில் ஒருவரான கென்னி காலின்ஸ் தன் சொந்த வெள்ளை மெர்சிடிஸிலேயே அந்தப் பக்கம் வந்திருந்தார். என்னைக் கேட்டால் வழக்கு அங்கேயே பாதி முடிந்தது. வண்டி எண்ணைப் பிடித்த போலீஸ் உடனே கைது செய்யவில்லை. காலின்ஸ், அவர் கூட்டாளி டெரி பெர்கின்ஸ் இருவர் கார்களிலும் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்துவிட்டுக் காத்திருந்தது. அவர்கள் பெருமையடித்த ஒவ்வொரு வார்த்தையும் பதிவானது. மே 19 அன்று நகைகளை இடம் மாற்றும்போது வளைத்துப் பிடித்தார்கள்.

எல்லாரும் தாத்தாக்களாமே அண்ணா?

பெரும்பாலும் அப்படித்தான். கும்பலில் இருந்த பிரையன் ரீடருக்கு 76 வயது. வேறொருவரின் இலவசப் பயண அட்டையில் பஸ் ஏறி வந்தவர், முதல் இரவோடு விலகிக்கொண்டார். பெர்கின்ஸுக்கு அந்த வார இறுதியில்தான் 67-வது பிறந்தநாள்.

கும்பலில் ‘பாசில்’ என்ற பட்டப்பெயரில் ஒருவர் இருந்தாராமே, அவர் யார்?

மைக்கேல் சீட். 2018-ல்தான் சிக்கினார், 10 ஆண்டு சிறை.

நகைகள் கிடைத்தனவா?

நீதிமன்றத்தில் சொன்ன மதிப்பு சுமார் 1.4 கோடி பவுண்டு. பெரும்பகுதி கிடைக்கவில்லை. கும்பலில் இன்னொருவரான டேனி ஜோன்ஸ், தன் பங்கைக் காட்டுகிறேன் என்று போலீஸை ஒரு கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். காட்டியது சின்ன மூட்டையை மட்டும். அதே தோட்டத்தில் புதைத்திருந்த பெரிய மூட்டையைப் போலீஸ் ஒரு வாரம் முன்பே எடுத்துவிட்டது அவருக்குத் தெரியாது.