வாடகை வீடியோ கேசட்டில் பாட்டு வரும் இடத்தில் மட்டும் கோடு விழுந்தது ஏன்?

விஎச்எஸ் கேசட் என்பது காந்தத் துகள் பூசிய அரை அங்குல பிளாஸ்டிக் நாடா, அவ்வளவுதான். டெக்குக்குள் (கேசட்டை ஓட்டும் பெட்டி) ஒரு உருளை வினாடிக்கு 25 சுற்று சுழல, அதிலுள்ள ஹெட் என்ற சின்ன முனை நாடாவை உரசிக்கொண்டே படத்தைப் படிக்கும். காட்சியை நிறுத்திவைக்க பாஸ் (pause) போட்டால் நாடா நிற்கும், உருளை நிற்காது. துவைகல்லில் வேட்டியை ஒரே இடத்தில் தேய்ப்பது மாதிரி அங்கே பூச்சு உதிரும். 80களில் டெக்கையும் டிவியையும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, விடிய விடிய ஓட்டி, பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்ப ரீவைண்ட் செய்து பார்த்த அத்தனை வீட்டார் கைவரிசையும் அதே இடத்தில்தானே! (திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் முறைத்தது நம்மைத்தான்.) கோடு வந்தாலே ஹெட் போச்சு என்று பலர் நினைத்தார்கள், ஆனால் வேறு கேசட் தெளிவாக ஓடினால் ஹெட்டில் குறையில்லை, ஹெட்டை நாடாவின் பதிவுத் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங் திருகைத் திருப்பியும் அதே காட்சியில் கோடு விழுந்தால் தேய்ந்தது நாடாதான்.