சிறைக்குள் போகும் தாள், வெளியே வரும் தாள்: கேள்வி பதில்

கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருச்சி மத்திய சிறைக்கும் நம் பக்கத்துக் கிளைச் சிறைகளுக்கும் வக்காலத்து (வக்கீலை நியமிக்கும் தாள்), மனு, நகல் என்று கொண்டுபோய், கையெழுத்தோடு வாங்கி வந்ததுதான் என் வேலையில் பாதி. அதைப் பற்றிக் கேளுங்கள். ஜாமீன் கிடைக்குமா, வழக்கு நிற்குமா என்பதையெல்லாம் உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலங்கைமானிலிருந்து ஒரு சகோதரி: என் வீட்டுக்காரர் திருச்சியில் ரிமாண்டில் இருக்கிறார். வக்காலத்தில் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார் வக்கீல். மனு போட்டு அவரைச் சிறையில் நேரில் பார்க்கும்போது நானே கொடுத்து வாங்கிவிடலாமா?

வேண்டாம் அம்மா. மனு பார்க்கும் இடத்தில் எந்தத் தாளும் கை மாறக் கூடாது. மாறினால் அடுத்த மனுவே சிக்கலாகும். வக்கீலோ அவர் குமாஸ்தாவோ சிறை அலுவலகத்தில் வக்காலத்தைக் கொடுப்பார்கள். உங்கள் வீட்டுக்காரரை அழைத்துவந்து ஜெயிலர் முன்னால் கையெழுத்து வாங்குவார்கள். ஜெயிலர் அதன்கீழ் சான்றொப்பம் போட்டு சீல் வைப்பார். அந்தச் சான்றொப்பம் இல்லாத வக்காலத்தை நீதிமன்ற அலுவலகம் திருப்பிவிடும்.

உள்ளே போகும் முன்பே வக்காலத்து முழுசாக நிரப்பியிருக்க வேண்டும். எந்த நீதிமன்றம், எந்தக் காவல் நிலையம், குற்ற எண் என்ன, வக்கீல் பெயர் என்ன, எல்லாம். கைதியின் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், அதில் எழுத்துப் பிழை இருந்தாலும் சரி. வக்கீல்கள் சேமநல நிதி வில்லையை முன்கூட்டியே ஒட்டிவிடுங்கள். கடைசியில் ஒட்டப்போய் ஜெயிலர் சீலை அது மறைத்து, திரும்ப ஒரு நடை திருச்சிக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சீல் விழுந்தவுடன் தேதி தெளிவாகத் தெரிகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

இன்னொன்று. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கவே கூடாது. “அவசரம், அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும், சொந்தத் தம்பியே சொன்னாலும் மறுத்துவிடுங்கள். உள்ளே இருப்பவர் வெளியில் நடப்பதைப் பார்க்க முடியாதவர். அவர் கையெழுத்து மட்டும் இருக்கும் தாள் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கைநாட்டு வைப்பவராக இருந்தால், தாளில் இருப்பதைப் படித்துக் காட்டிய பிறகே ரேகை வைக்கட்டும்.

மன்னார்குடி தம்பி: அப்பா பேரில்தான் சிட்டா. சம்பா அறுவடை நெருங்குது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட, சங்கத்தில் கடன் புதுப்பிக்க, எல்லாத்துக்கும் அவர் கையெழுத்து கேட்கிறாங்க. அவர் உள்ளே இருக்கார்.

தம்பி, இதற்கு வழி பவர் பத்திரம், அப்பா சார்பில் செயல்பட உங்களுக்கு அதிகாரம் தரும் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அப்பா வந்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவுச் சட்டம் 33-ஆம் பிரிவே, சிறையில் இருப்பவர் நேரில் வரத் தேவையில்லை என்கிறது. சார்பதிவாளர் சிறைக்கே வந்து அவர் மனதறிந்து எழுதிக் கொடுக்கிறாரா என்று விசாரித்துச் சான்றளிக்கலாம், அல்லது ஒருவரை அனுப்பி விசாரிக்கச் செய்யலாம். சிறைக் கண்காணிப்பாளரிடம் முன்அனுமதி வாங்கிவிட்டு, சார்பதிவாளரிடம் எழுத்தில் மனு கொடுங்கள்.

பத்திரத்தில் என்னென்ன அதிகாரம் என்பதைக் குறுக்கிக் கேளுங்கள். நெல் போட, பணம் வாங்க, பயிர்க்கடன் புதுப்பிக்க, இவ்வளவு போதும். “விற்கவும் அடமானம் வைக்கவும்” என்ற வரி பத்திரம் எழுதுபவரின் வழக்கமான படிவத்தில் தானாகவே இருக்கும். அதை அடிக்கச் சொல்லுங்கள். அண்ணன் தம்பிக்குள் வரும் சண்டை பாதி அந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கிறது. அசல் பட்டாவோ பத்திரமோ சிறைக்குள் போக வேண்டாம், நகல் போதும். கையெழுத்தான பவர் திரும்பி வந்தவுடன் நகல் எடுத்து, சீலும் தேதியும் தெரிகிறதா என்று பாருங்கள்.

காரைக்கால் வாசகர்: இங்கேயும் இதே முறைதானா?

உங்கள் பக்கம் புதுச்சேரி அரசின் சிறைத்துறை. காகித நடைமுறையை அங்கே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உயர் நீதிமன்றம் உங்களுக்கும் சென்னைதான்.

திருவாரூர் அண்ணன்: செஷன்ஸ் கோர்ட்டில் மச்சானுக்குத் தண்டனை ஆகிவிட்டது. தீர்ப்பு நகலுக்குப் பணம் கட்ட வேண்டுமா? அப்பீல் எங்கே போட வேண்டும்? மதுரையா?

தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும். குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 404-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 363. மச்சான் கையில் அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல பேர் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, வீட்டுக்குச் சொல்வதே இல்லை.

செஷன்ஸ் தண்டனைக்கு உயர் நீதிமன்றத்தில் அப்பீல், கெடு 60 நாள். மாஜிஸ்திரேட் தண்டனை என்றால் செஷன்ஸ் கோர்ட்டில், 30 நாள். சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு அது கைக்கு வரும்வரை ஆன நாட்கள் கெடுக் கணக்கில் சேராது. அதனால் நகல் மனுவின் தேதியைப் பத்திரப்படுத்துங்கள்.

மதுரையா சென்னையா என்பதில் நம் டெல்டாவே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 2004-இல் மதுரைக் கிளை வந்தபோது தஞ்சாவூரும் திருச்சியும் புதுக்கோட்டையும் அங்கே போயின. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்றும் சென்னையோடு இருக்கின்றன. கும்பகோணத்து வழக்கு மதுரைக்கு, பக்கத்து மயிலாடுதுறை வழக்கு சென்னைக்கு. மச்சான் திருச்சிச் சிறையில் இருக்கிறார் என்பதால் மதுரைக்கு அனுப்பி நாளை வீணாக்காதீர்கள். தண்டித்த நீதிமன்றம் எந்த மாவட்டம் என்பதுதான் கணக்கு. உங்களுக்குச் சென்னை.

வக்கீல் வைக்க இப்போது வசதி இல்லை என்றால், மச்சான் சிறையிலிருந்தே அப்பீல் மனு கொடுக்கலாம். சிறை அதிகாரி அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும், அதே சன்ஹிதாவின் 424-ஆம் பிரிவு.

பாபநாசம் வாசகர்: ஐயா, ஜெயில் அப்பீல் போடச் சொல்லாதீர்கள். என் பெரியப்பா மகன் போட்டான். ஒரே வரியில் தள்ளுபடி. அப்புறம் வக்கீல் வைத்தும் கதவு திறக்கவில்லை.

லால்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற சிறைக் காவலர்: நாங்கள் அனுப்பாமல் வைத்துக்கொண்டதே கிடையாது. பதிவேட்டில் ஏற்றித்தான் அனுப்புவோம். எழுதித் தருபவர்கள் “நான் நிரபராதி, விடுதலை செய்யுங்கள்” என்று இரண்டு வரி எழுதினால் நீதிபதி என்ன செய்வார்?

தஞ்சாவூர் இளம் வழக்கறிஞர்: ஜெயில் அப்பீல் ஒருமுறை தள்ளுபடியானால் முடிந்தது. வேறு அப்பீல் நிற்காது. அதனால் போடாமல் இருப்பதே நல்லது.

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். லால்குடி ஐயா சொன்னது சரி. மனுவில் காரணம் இருக்க வேண்டும். எந்தச் சாட்சி முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னார், எதை நீதிமன்றம் கவனிக்கவில்லை என்று நாலு விஷயமாவது வேண்டும். சிறையிலுள்ள சட்ட உதவி மையத்து வக்கீலைக் கேட்டால் எழுதித் தருவார்.

தஞ்சாவூர்த் தம்பி, நீங்கள் 425-ஆம் பிரிவை முழுசாகப் படிக்க வேண்டும். சிறையிலிருந்து வந்த அப்பீலை, கெடு முடியும் முன் சுருக்கமாகத் தள்ளுபடி செய்யக் கூடாது. தள்ளுபடிக்கு முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அற்பமான அப்பீல் என்றோ, அவரைக் காவலில் கொண்டுவருவது வழக்கின் தன்மைக்கு மீறிய சிரமம் என்றோ நீதிமன்றம் கருதினால்தான் விலக்கு. அப்புறம் நான்காம் உட்பிரிவு: சிறை அப்பீல் தள்ளுபடியான பிறகு, அதே ஆள் முறைப்படி கொடுத்த வேறொரு அப்பீல் மனு கவனிக்கப்படாமல் இருப்பது தெரிந்தால், நீதியின் பொருட்டு அதை எடுத்து விசாரிக்கலாம்.

பாபநாசத்து அண்ணன் குடும்பத்தில் நடந்தது கஷ்டமான விஷயம்தான், மறுக்கவில்லை. வக்கீல் தயாராக இருந்தால் வக்கீல் வழியே போடுங்கள், அதுதான் முதல் வழி. ஆனால் கையில் காசில்லாமல் 60 நாளையும் உட்கார்ந்தே கழிக்கும் குடும்பங்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. அவர்களிடம் “போடாமல் இருப்பதே நல்லது” என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தஞ்சாவூர் இளம் வழக்கறிஞர்: நான்காம் உட்பிரிவு “விசாரிக்கலாம்” என்கிறது, “விசாரிக்க வேண்டும்” என்று சொல்லவில்லை.

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வக்கீல் வழியை முதலில் சொன்னேன்.

நன்னிலம் சகோதரி: ஜாமீன் ஆர்டர் வந்து நாலு நாளாச்சு. இன்னும் விடவில்லை.

ஆர்டர் வேறு, ரிலீஸ் ஆர்டர் வேறு அம்மா. ஜாமீன்தாரர்களை நிறுத்தி, அவர்கள் காகிதத்தை நீதிமன்றம் ஏற்ற பிறகுதான் ரிலீஸ் ஆர்டர் சிறைக்குப் போகும். அது போயும் விடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பெயரோ குற்ற எண்ணோ பொருந்தவில்லை, இல்லையென்றால் வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையிலிருப்பவரை அந்த வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) நிற்கிறது. இரண்டையும் சிறை அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் இதற்கென்றே உத்தரவு போட்டிருக்கிறது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்பி, கைதியிடம் கொடுக்க வேண்டும். 7 நாளில் வெளியே வராவிட்டால், கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் இதைச் சொல்லி வக்கீலை மனு போடச் சொல்லுங்கள்.

குடவாசல்: எங்களுக்கும் ஆர்டர் வந்து இன்னும் விடவில்லை ஐயா.

மேலே நன்னிலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பட்டுக்கோட்டை அம்மா: மகன் மேல் குண்டாஸ் போட்டிருக்கிறார்கள். ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்களாம். அவன் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறான்.

அம்மா, அந்தக் கட்டுதான் இப்போது உங்கள் வழக்கு. குண்டாஸ் என்று சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் தடுப்புக்காவல் சட்டப்படி, காவலில் வைத்த 5 நாளுக்குள் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும். ஆதாரமாக வைத்த ஆவணங்களின் நகலையும் தர வேண்டும். ஆட்கொணர்வு மனுக்களில் எத்தனையோ தடுப்புக்காவல் உத்தரவுகள் ரத்தானது அந்தக் கட்டிலிருக்கும் குறைகளால்தான். பக்கம் விடுபட்டிருக்கும், நகல் மங்கிப் படிக்க முடியாமல் இருக்கும், ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்காது. மகனை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, படிக்க முடியாத பக்கத்தின் எண்ணை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கட்டின் எந்தப் பக்கத்திலும் பேனா படக் கூடாது. வாங்கியபடியே வக்கீல் கைக்கு வர வேண்டும்.

அவன் அரசுக்கு முறையீடு எழுதிக் கண்காணிப்பாளர் வழியாக அனுப்பலாம். அனுப்பிய தேதி முக்கியம். அரசு அதைக் காரணமில்லாமல் தாமதித்துப் பதில் சொன்னால் அதுவும் உங்களுக்குச் சாதகம். நகலில் சிறையின் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளட்டும்.

அக்கரைப்பேட்டை மீனவர்: இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன தம்பிக்குப் படகுப் பதிவுக் காகிதம் அனுப்ப வேண்டும்.

அது என் கை எட்டாத இடம் ஐயா. நாகப்பட்டினம் மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அவர்கள் வழியாகத்தான் போகும். அசலைக் கொடுக்கும் முன் நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்குங்கள்.

சீர்காழி: ஆதார் அசலை உள்ளே அனுப்பலாமா?

வேண்டாம். எந்த அசலும் வேண்டாம்.

திருத்துறைப்பூண்டி தம்பி: 60 நாள் தாண்டியும் சார்ஜ் ஷீட் வரவில்லை. வக்கீல் வெளியூரில் இருக்கிறார்.

காத்திருக்காதீர்கள். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாள். அது கடந்தால் ஜாமீன் உரிமை, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் சார்ஜ் ஷீட் விழும் முன் கேட்க வேண்டும். ரிமாண்ட் நீட்டிப்புக்குக் காணொலியில் நிறுத்தும்போது உங்கள் ஆள் வாயாலேயே கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்டாலும் போதும் என்று 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் ஒரு மனுவைச் சிறை வழியாக இன்றே அனுப்பச் சொல்லுங்கள். 15100-க்குப் பேசினால் சட்ட உதவி வக்கீல் கிடைப்பார். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது.

மயிலாடுதுறை: விவாகரத்து நோட்டீஸ் உள்ளே இருப்பவருக்கு எப்படிப் போகும்?

நீதிமன்றம் சம்மனைச் சிறை அதிகாரிக்கு அனுப்பும், அவர் அதை உள்ளே இருப்பவரிடம் சேர்ப்பிப்பார். வீட்டுக் கதவில் ஒட்டியதாகக் காட்டினால் ஆட்சேபம் சொல்லுங்கள்.

பேராவூரணி: ஐயா, ஜாமீன் ஆர்டர் வந்தும் விடவில்லை...

நன்னிலம் பதில். தயவுசெய்து மேலே பாருங்கள்.

திருவையாறு சகோதரி: தபாலில் அனுப்பினால் போய்ச் சேருமா? பிரித்துப் படிப்பார்களா?

சேரும். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதிலேயே அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கைதியின் பெயர், தகப்பனார் பெயர், கைதி எண், பிறகு கண்காணிப்பாளர் முகவரி. குடும்பக் கடிதம் பிரிக்கப்படும் என்று நினைத்தே எழுதுங்கள். வழக்கின் உள்விஷயத்தைக் கடிதத்தில் எழுதாதீர்கள். அது வக்கீல் நேரில் பேசட்டும். அவர் பேசும்போது காவலர் பார்வையில் இருக்கலாம், காதில் விழும் தூரத்தில் நிற்கக் கூடாது.

வலங்கைமான் சகோதரி, மீண்டும்: வக்கீல் குமாஸ்தா நாளைக்குப் போகிறாராம். நான் கூடப் போகலாமா?

போங்கள் அம்மா. முதல் தகவல் அறிக்கையின் நகல் ஒன்றை எடுத்துப் போங்கள். வக்காலத்தில் உள்ள பெயரை, தகப்பனார் பெயரை, குற்ற எண்ணை அதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துவிட்டு அப்புறம் உள்ளே கொடுக்கச் சொல்லுங்கள்.