கான்சன்ட்ரேஷன் கர்ல்: வெயிட்ட குறைச்சா தான் பைசெப்ஸ் வேலை செய்யும்

கேள்வி: சார், வயசு 23, எட்டு மாசமா ஜிம் போறேன். பார்பெல் கர்ல் 30 கிலோ வரைக்கும் போடறேன், ஆனா முன்கையும் இடுப்பும் தான் வலிக்குது, பைசெப்ஸ்ல (மேல்கை முன்பக்க மசில்) ஒண்ணுமே தெரியல. இடது கை வேற வலது கைய விட ஒல்லியா இருக்கு. கான்சன்ட்ரேஷன் கர்ல் (உக்காந்து ஒரு கையால டம்பெல்ல மடக்கி தூக்கறது) போட்டா பீக், அதாவது கைய மடக்கினா புடைக்கற மேடு, வரும்னு ஜிம்ல சொல்றாங்க, உண்மையா? எப்படி போடணும்?

பதில்: கர்ல் போட்டு இடுப்பு வலிக்குதுன்னா அந்த 30 கிலோல ஒரு பங்க உங்க இடுப்பு தான் தூக்குது தம்பி. முதுக பின்னாடி சாய்ச்சு ஒரு ஆட்டு ஆட்டி ஏத்தறீங்க, அப்புறம் பொத்துனு கீழ விடறீங்க, பைசெப்ஸ் சும்மா வேடிக்கை பாக்குது. உங்க ஜிம்ல மட்டும் இல்ல, எந்த ஜிம்முக்கு போனாலும் கண்ணாடி முன்னாடி நாலு பேர் இப்படி ஆடிக்கிட்டு தான் இருப்பாங்க.

பீக் விஷயத்த முதல்ல முடிச்சிடுவோம். மசில் எந்த இடத்துல முடிஞ்சு, அத எலும்போட இணைக்கற டெண்டன் (தசைநாண்) ஆரம்பிக்குதுங்கறது அப்பா அம்மா கொடுத்தது, அத எந்த கர்லும் மாத்தாது. பைசெப்ஸ் மொத்தமா பெருசானா இருக்கற பீக் நல்லா தெரியும், அவ்ளோதான்.

ஆனா உங்க பிரச்சனைக்கு கான்சன்ட்ரேஷன் கர்ல் சரியான எக்சர்சைஸ் தான், ஏன்னா இதுல ஏமாத்தறதுக்கு இடம் கம்மி. உக்காந்துட்டீங்க, மேல்கை தொடையில அணைஞ்சு நிக்குது, முதுகும் தோளும் உதவிக்கு வர முடியாது. 2014ல அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் எட்டு விதமான பைசெப்ஸ் எக்சர்சைஸ எடுத்து, மசில் மேல எலக்ட்ரோடு ஒட்டி அளந்து பாத்தப்ப இது தான் முதல் இடத்துல வந்துச்சு. அதுக்காக மத்ததெல்லாம் வேஸ்ட்னு கிளம்பிடாதீங்க, அந்த அளவு காட்டறது மசில் அந்த நேரத்துல எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு தான், எவ்வளவு வளரும்னு இல்ல.

இப்ப எப்படி போடறதுன்னு பாப்போம். பெஞ்ச் நுனில உக்காந்து காலை நல்லா அகட்டி வைங்க, பாதம் முழுசா தரையில இருக்கணும். இடுப்புலேர்ந்து முன்னாடி குனிங்க, முதுகு கூன் போடாம. முக்கால்வாசி பேர் தப்பு பண்றது இங்க தான், முட்டிக்கை எலும்ப தொடை மேல குத்தி வைக்கறாங்க. அப்படி இல்ல, முட்டிக்கைக்கு கொஞ்சம் மேல, ட்ரைசெப்ஸ் இருக்கற பின்பக்கம் தான் தொடையோட உள்பக்கத்துல படணும், மேல்கை நேரா தரைய பாத்து தொங்கணும். கைய நீட்டின நிலையில ஆரம்பிச்சு, மூச்ச விட்டுக்கிட்டே தூக்குங்க.

தூக்கறப்ப ரெண்டு விஷயம். ஒண்ணு மணிக்கட்டு, அது நேரா இருக்கணும், உள்பக்கமா சுருட்டினா முன்கை வேலைய பிடுங்கிக்கும், உங்க முன்கை வலிக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். இன்னொண்ணு சுண்டுவிரல். பைசெப்ஸோட வேலை கைய மடக்கறது மட்டும் இல்ல, உள்ளங்கைய மேல பாக்க திருப்பறதும் அதோட வேலை தான், வலது கையால ஸ்க்ரூ டைட் பண்றப்ப புடைக்குதே அது. அதனால மேல போகப்போக சுண்டுவிரல் கட்டவிரல விட மேல வர்ற மாதிரி லேசா திருப்புங்க, இன்னொரு கைய பைசெப்ஸ் மேல வெச்சு பாத்தா அது உருண்டு கெட்டியாகறது அப்பவே தெரியும். மேல ஒரு செகண்ட் இறுக்கி பிடிச்சிட்டு மூணு செகண்ட் எடுத்து இறக்குங்க. தொடையால முட்டு கொடுத்து தள்ளாதீங்க, தோள காது பக்கம் தூக்காதீங்க.

வெயிட்? அஞ்சு கிலோ டம்பெல்ல ஆரம்பிங்க. பக்கத்துல இருக்கறவன் சிரிச்சா சிரிக்கட்டும். ஒரு செட்டுக்கு 10லேர்ந்து 15 ரெப்ஸ் (தடவை), மூணு செட், வாரத்துக்கு ரெண்டு நாள், பேக் (முதுகு) வொர்க்அவுட் முடிச்சு கடைசியா. முதல்லயே இத போட்டு பைசெப்ஸ காலி பண்ணிட்டா அப்புறம் புல்லப்பும் ரோவும் ஒழுங்கா வராது.

ஒல்லியான இடது கைக்கு வழி சிம்பிள், ஒவ்வொரு செட்டும் இடதுல ஆரம்பிங்க, அது 11ல நின்னா வலதும் 11ல நிக்கணும், தெம்பு இருந்தாலும். இடது கை சுத்தமா 15 போட்டா தான் ரெண்டு கைக்கும் அடுத்த டம்பெல். வலதுக்கு முன்னாடியே ஏத்தினீங்கன்னா வித்தியாசம் அப்படியே தான் இருக்கும்.

கான்சன்ட்ரேஷன் கர்ல்ல ஒரு குறையும் இருக்கு. கை நேரா தொங்கறப்ப பைசெப்ஸுக்கு லோடு கிட்டத்தட்ட இல்ல, முட்டிக்கை 90 டிகிரி மடங்கறப்ப தான் முழு பாரம் விழுது. கீழ்பக்கத்துல லோடு வேணும்னா ப்ரீச்சர் கர்ல் (சாய்வான பலகை மேல மேல்கைய வெச்சு போடற கர்ல்) சேத்துக்கோங்க, 1965ல முதல் மிஸ்டர் ஒலிம்பியா பாடிபில்டிங் பட்டம் ஜெயிச்ச லேரி ஸ்காட்டால பிரபலமாகி ஸ்காட் கர்ல்னே பேர் வாங்கினது. ஆனா அதுல கீழ இறக்கறப்ப கைய படக்குனு விடவே கூடாது, வெயிட் அதிகமா இருந்தா முட்டிக்கை கிட்ட இருக்கற டெண்டனுக்கு ஆபத்து. முட்டிக்கை மடிப்புல பட்டுனு ஏதோ விட்ட மாதிரி இருந்து, வீங்கி நீலம் பூத்துச்சுன்னா எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு உக்காராம அன்னைக்கே ஆர்த்தோ டாக்டர பாருங்க, டெண்டன் கிழிஞ்சிருந்தா தள்ளிப்போட தள்ளிப்போட சரி பண்றது கஷ்டம்.