பயனர் அனுபவ ஆய்வு: வேலையில் இறங்கிய பிறகு கற்றது என்ன?

"பயனர் அனுபவ ஆய்வில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், நடைமுறையில் எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு செயலியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் இந்த வேலை. நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன். ஆய்வுக்காகத் தோட்டத்து வீடுகளுக்கும் போயிருக்கிறேன்.

முதலில், "இது சுலபமாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்தவர் மனம் கோணக் கூடாதே என்று "நல்லா இருக்கு தம்பி" என்பார்கள். கட்டணம் செலுத்தும் செயலி ஒன்றைச் சோதித்தபோது, பால்மரம் சீவி ஓய்வுபெற்ற ஓர் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். "சரிம்மா, இந்த மாத பில்லைக் கட்டிக் காட்டுங்களேன்" என்று கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் திரையையே பார்த்தார். அப்புறம் உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டார். மாதாமாதம் கட்டுவது மகன்தான்; ஒருமுறைக் கடவுச்சொல்லும் (OTP) அவர் எண்ணுக்கே போகிறது. அதுவரை கேட்ட கேள்விகளில் இது வரவே இல்லை. அந்த ஒரு நிமிட மௌனத்தைத் தாங்குவதுதான் இந்த வேலையில் மிகக் கடினம். உதவச் சொல்லிக் கை துடிக்கும்.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் செயலியில் உள்ள 85% சிக்கல்கள் தெரிந்துவிடும் என்பார்கள். நீல்சன், லாண்டவர் என்ற ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது அது. ஒருவர் சராசரியாக 31% சிக்கல்களைக் காட்டிக்கொடுப்பார் என்பது அதன் அடிப்படை. அந்த விகிதம் குறைந்தால் ஐந்து பேர் போதாது. செம்பனைத் தோட்டத் தொழிலாளியும் ஈப்போ அலுவலக ஊழியரும் ஒரே கூட்டமல்ல, தனித்தனியாகச் சோதியுங்கள்.

செம்பனைக் குலை வெட்டுபவர்கள் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள், மாலையில் போங்கள். குறிப்புகளை அன்றிரவே எழுதிவிடுங்கள்.