நோய் எதிர்ப்பு மரபணு கூடுதலாக இருந்தால் நல்லதுதானே, எதிர்ப்பு சக்தி நம் உடலையே தாக்கும் லூபஸ் நோய் ஏன் வருகிறது?

நியாயமான கேள்விதான். ஆனால் எதிர்ப்பு சக்தியில் முக்கியம் பலம் அல்ல, அளவு.

டிஎல்ஆர்7 என்ற மரபணுவைப் பாருங்கள். அது உருவாக்கும் புரதம் செல்லுக்குள் இருந்துகொண்டு வைரஸின் ஆர்என்ஏ (மரபுச் செய்தி தாங்கும் மூலக்கூறு) வருகிறதா என்று கவனிக்கும். சிக்கல் என்னவென்றால், நம் செல்கள் சாகும்போது சிதறும் ஆர்என்ஏவும் ஏறக்குறைய அதே ஜாடைதான். புரதம் அளவோடு இருக்கும்வரை இந்தச் சொந்தக் குப்பையால் பெரிய பாதிப்பில்லை. மரபணுப் பிரதி கூடினால் புரதமும் கூடும். சிறு தூண்டலுக்கே பி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் கிளர்ந்தெழுந்து, நம் உடலின் பொருட்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி என்ற தாக்குதல் புரதங்களைத் தயாரிக்கும். லூபஸ் நோயில் நடப்பதில் இது ஒரு பகுதி.

இதற்குத் தெளிவான சான்று பிஎக்ஸ்எஸ்பி என்ற எலி வகை. லூபஸ் பொதுவாகப் பெண்களையே அதிகம் தாக்கும். இந்த எலிகளிலோ ஆண்களுக்குத்தான் கடுமை. எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டு ஒய் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டதால், ஆண் எலிக்கு டிஎல்ஆர்7 இரண்டு பிரதி என்பது 2006இல் தெரியவந்தது.

மனிதர்களில்? பெண்களின் இரண்டாவது எக்ஸ் பெரும்பாலும் அடக்கி வைக்கப்பட்டாலும், சில செல்களில் அதிலுள்ள டிஎல்ஆர்7 இந்த அடக்கத்திலிருந்து தப்பி இயங்குகிறது. கூடுதலாக ஒரு எக்ஸ் குரோமோசோம் உள்ள (எக்ஸ்எக்ஸ்ஒய்) ஆண்களுக்கு லூபஸ் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடச் சுமார் 14 மடங்கு.

அதற்காகக் கூடுதல் பிரதி என்றாலே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். செத்த செல்களை அகற்ற உதவும் சி4 மரபணுவில் கதை தலைகீழ்: பிரதி குறைந்தால்தான் லூபஸ் அபாயம் கூடுகிறது.