பிரிட்டனில் ஆண்டு கார் வரியை ஒழித்துவிட்டு, அதைப் பெட்ரோல் விலையிலேயே சேர்த்து வாங்கினால் என்ன?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது: ஓட்டுகிறவன் கட்டட்டும், நிறுத்தி வைத்திருப்பவனை விட்டுவிடலாம். கணக்குப் போட்டால்தான் சிக்கல் தெரியும்.

2017 ஏப்ரலுக்குப் பின் பதிவான கார்களுக்கு, முதல் ஆண்டு கழிந்தபின், 2025-26இல் வழக்கமான ஆண்டு வரி 195 பவுண்டு. வருடம் 1,000 லிட்டர் போடுபவரிடம் இதைப் பம்பில் வசூலிக்க லிட்டருக்கு 19.5 பென்ஸ் (பவுண்டில் நூறில் ஒரு பங்கு ஒரு பென்ஸ்) ஏற்ற வேண்டும். கடைக்கு மட்டும் வண்டியை எடுத்து 300 லிட்டரில் வருடத்தை ஓட்டும் பாட்டிக்கு 58.50 பவுண்டுதான், கொண்டாட்டம். தினமும் நெடுந்தூரம் வேலைக்குப் போய் 2,000 லிட்டர் எரிப்பவருக்கு 390. பேருந்தே எட்டிப் பார்க்காத ஸ்காட்லாந்து மலைக் கிராமத்தில் இருப்பவர் வேறு என்ன செய்வார்? அங்கே சில தொலைதூரப் பகுதிகளுக்கு எரிபொருள் வரியில் ஏற்கெனவே லிட்டருக்கு 5 பென்ஸ் சலுகை உண்டு. வட அயர்லாந்துக்காரர்களோ எல்லை தாண்டி அயர்லாந்து குடியரசுக்குப் போய் டேங்கை நிரப்பிக்கொள்வார்கள்.

அரசியல் இன்னொரு பக்கம். 2011 முதல் லிட்டருக்கு 57.95 பென்ஸாக உறைந்திருந்த எரிபொருள் தீர்வையை 2022இல் 5 பென்ஸ் குறைத்தார்களே தவிர, 2025 வரை ஏற்ற எந்த நிதியமைச்சருக்கும் துணிவு வரவில்லை. ஒரே அடியில் 19 பென்ஸா?

எனக்கு இந்த யோசனை இருபது வருடம் தாமதமாக வந்ததாகவே படுகிறது. மின்சாரக் கார் பெட்ரோல் பம்ப் பக்கமே போகாது. அதனால்தான் 2025 ஏப்ரலில் அவற்றையும் ஆண்டு வரிக்குள் இழுத்தார்கள். அந்த வரியை எடுத்துவிட்டால், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் மறுபடி இலவசமாக ஓட்டுவார்கள். பழைய பெட்ரோல் வண்டியை மாற்ற வசதியில்லாதவர்தான் சாலைச் செலவைச் சுமப்பார்.