சாரம் கட்டுறதும் பாடம்தான்: ஸ்பெஷல் டீச்சராகப் போறவங்களுக்கு கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல சிறப்புக் கல்வி பத்தித்தான், அதனால மத்தவங்க கோவிச்சுக்காதீங்க, உங்க கேள்வியெல்லாம் அடுத்த இதழ்ல.

டிகிரி முடிச்சிருக்கேன். சாதா பி.எட். படிச்சா ஸ்பெஷல் ஸ்கூல்ல சேரலாமா? ஆர்.சி.ஐ., சி.ஆர்.ஆர்.னு என்னென்னமோ சொல்லுதாங்க, ஒண்ணும் வெளங்கல.
*வாசகி, வள்ளியூர்*

அதுக்குத் தனியாத்தான் படிக்கணும்மா. ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கு டி.எட். ஸ்பெஷல் எஜுகேஷன், டிகிரிக்காரங்களுக்கு பி.எட். ஸ்பெஷல் எஜுகேஷன், ரெண்டும் ரெண்டு வருஷம். காது கேளாமை, பார்வை, அறிவுசார் குறைபாடுன்னு பிரிவு பிரிவா இருக்கும், சேரும்போதே எதுன்னு சொல்லணும். ஆர்.சி.ஐ.ங்கிறது இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992 சட்டத்துல வந்தது, கோர்ஸுக்கு அங்கீகாரம் குடுக்கிறதும் அவங்கதான், படிச்சு முடிச்சவங்க பேரைப் பதிவேட்டுல ஏத்தி நம்பர் குடுக்கிறதும் அவங்கதான், அந்த நம்பர்தான் சி.ஆர்.ஆர். நம்பர். அது இல்லாம இந்தத் தொழில் பண்ணினா சட்டப்படி ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல ஆயிரம் ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்னு இருக்கு (ஆயிரம் ரூபாயெல்லாம் இப்ப யாரு பயப்படுதா, அது வேற கதை). காலேஜ்ல பணம் கட்டுறதுக்கு முன்னால அந்தக் கோர்ஸுக்கு இந்த வருஷம் அங்கீகாரம் இருக்கான்னு ஆர்.சி.ஐ. வெப்சைட்லயே பாத்துருங்க, "வந்துரும் வந்துரும்"னு ஆபீஸ்ல சொன்னா நம்பாதீங்க.

எந்தப் பிரிவுன்னு குழப்பமா இருந்தா முதல்ல நேர்ல போய்ப் பாருங்க. நம்ம பாளையங்கோட்டையில பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் 19-ஆம் நூற்றாண்டு முடியுமுன்னயே மிஷனரி அம்மாமார் தொடங்கினது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981-ல இருந்து இருக்கு. முன்கூட்டியே அனுமதி கேட்டுட்டுப் போய் ஒரு நாள் உக்காந்து பாத்தாலே உங்களுக்கு எது ஒத்துவரும்னு ஓரளவு பிடிபட்டுரும்.

ட்ரெய்னிங்ல ஐ.இ.பி. எழுதச் சொன்னாங்க. "மாணவன் தன் வேலைகளைத் தானே செய்வான்"னு இலக்கு எழுதினேன், மேடம் சிவப்பு மையில அடிச்சுட்டாங்க. என்ன தப்பு?
*பயிற்சி மாணவர், அம்பாசமுத்திரம்*

மேடம் அடிச்சது சரிதான் தம்பி. ஐ.இ.பி.ன்னா அந்த ஒரு பிள்ளைக்குன்னே போடுற தனிநபர் கல்வித் திட்டம், பக்கத்துப் பிள்ளைக்கு எழுதினதைப் பேரை மாத்தி ஒட்டுறது இல்ல (பண்ணுதாங்க, எனக்குத் தெரியும்). இப்ப அவனால என்ன முடியுது, அதுதான் பேஸ்லைன். ஒரு வருஷத்துல எங்க வரணும், அது நீண்டகால இலக்கு. அதுக்குள்ள சின்னச் சின்ன குறுகியகால இலக்கு, யார் சொல்லிக்குடுப்பா, எப்படி அளப்போம், எப்ப மறுபடி பாப்போம், இதெல்லாம் பெத்தவங்களோட உக்காந்து பேசி எழுதுறது. "தன் வேலைகளைத் தானே"ங்கிறதை எப்படி அளப்பீங்க? பல்லு தேய்க்கிறதா, சாப்பிடுறதா, எதைன்னு சொல்லலியே.

நம்ம ஊரு வீட்டுல வேணும்கிறதையே எடுத்துக்கிடுங்க. பதினாலு வயசுப் பையன், அறிவுசார் குறைபாடு, இன்னும் அவன் அம்மாதான் சாரம் (லுங்கிதான்) கட்டி விடுதா. வளந்த பையன், அவனுக்கும் சங்கடம், அம்மாவுக்கும் சங்கடம். "அஞ்சு தடவையில நாலு தடவை யாரும் தொடாம சாரத்தை இடுப்புல நிக்கிற மாதிரி கட்டுவான்"னு எழுதினா அது இலக்கு. இனி அந்த வேலையைத் துண்டு துண்டா உடைங்க: சாரத்துக்குள்ள ரெண்டு காலையும் விடணும், இடுப்பு வரைக்கும் தூக்கணும், ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கணும், ஒரு பக்கம் மடிக்கணும், அடுத்த பக்கத்தை மேல கொண்டுவரணும், கடைசியா சுருட்டிச் செருகணும். இதைத்தான் டாஸ்க் அனாலிஸிஸ்ங்கிறாங்க. இதுல ஒரு சூட்சுமம் உண்டு, மேல இருந்து ஆரம்பிக்காம கடைசியில இருந்து சொல்லிக்குடுக்கலாம். மத்ததெல்லாம் நீங்க பண்ணிட்டு அந்தச் சுருட்டிச் செருகுறதை மட்டும் அவன் கையில விடுங்க, வேலையை முடிச்சது அவன்தான்னு ஆயிருச்சுல்லா, அந்தச் சந்தோஷத்துல அடுத்த நாள் அவனே கையை நீட்டுவான். அது நல்லா வந்தப்புறம் அதுக்கு முந்தின படி. பேக்வர்ட் செயினிங்னு பரீட்சையில வரும்லா, அது இதான்.

கையைப் பிடிச்சுச் செய்ய வைக்கிறது, தொட்டுக் காட்டுறது, சைகை, வாயால சொல்லுறது, இதெல்லாம் ப்ராம்ப்ட். குடுக்கிறது லேசு, குறைக்கிறதுதான் கஷ்டம். குறைக்கிறதுக்கு ஃபேடிங்னு பேரு, அதைச் செய்யாத டீச்சர்கிட்ட படிச்ச பிள்ளை, டீச்சர் கை பட்டாத்தான் செய்யும்.

சாதா ஸ்கூல்ல வேலை பாக்கேன். அக்காமடேஷன், மாடிஃபிகேஷன் ரெண்டும் ஒண்ணுதானே?
*ஆசிரியை, களக்காடு*

இல்லவே இல்ல டீச்சர். அக்காமடேஷன்ல பாடம் அதே பாடம், மார்க் அதே மார்க், பிள்ளை அதுக்கிட்ட போற வழி மட்டும் மாறும். பொதுத்தேர்வுல கூடுதல் ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுதுற ஆள், பெரிய எழுத்து வினாத்தாள் எல்லாம் அந்த வகை. மாடிஃபிகேஷன்ல பாடமே மாறிரும், மத்த பிள்ளைங்க பின்னம் போடுறப்ப இவன் பத்து ரூபா குடுத்து மிச்சம் எண்ணி வாங்கப் பழகுவான். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு வாசிக்கிறதுலதான் தடங்கல், புத்தியில இல்ல, அதுக்குப் போய் பாடத்தைக் குறைச்சீங்கன்னா அந்தப் பிள்ளை காலேஜுக்குப் போற வழியை நீங்களே அடைக்கிறீங்க. என்னைக் கேட்டா நம்ம ஸ்கூல்கள்ல அதிகம் நடக்கிற அநியாயம் இதான்.

மனவளர்ச்சிக் குறைபாடும் மனநோயும் ஒண்ணா?
*வாசகர், நாங்குநேரி*

வேற வேற அண்ணாச்சி. முதலாவது வளரும்போதே வர்றது, கத்துக்கிடுற வேகமும் அன்றாட வேலையும் பின்தங்கும், அதுக்குப் பயிற்சிதான் வேணும், இப்ப அறிவுசார் குறைபாடுன்னு சொல்லுதோம். மனநோய் எந்த வயசுலயும் வரலாம், அதுக்கு டாக்டர் பாத்து மருந்து, சிகிச்சை குடுப்பாங்க. ஒரே ஆளுக்கு ரெண்டும் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

என் க்ளாஸ்ல ஒரு ஆட்டிஸம் பையன் நோட்டைத் தூக்கித் தூக்கி எறியுதான். வெளிய நிக்க வச்சும் திருந்தல.
*ஆசிரியர், சங்கரன்கோவில்*

வெளிய நிக்க வச்சதாலதான் சார் திருந்தல! ஏ.பி.சி. சார்ட் போடுங்க. எறியுறதுக்கு முன்னால என்ன நடந்துச்சு, அவன் என்ன பண்ணினான், அப்புறம் என்ன கிடைச்சுது, மூணு கட்டம், ஒரு வாரம் எழுதிப் பாருங்க. எழுத்து வேலை குடுத்த உடனேதான் எறியுதான், எறிஞ்சா வெளிய அனுப்புதீங்க, எழுத வேண்டாம்னு ஆயிருதுன்னா அவன் கணக்கு சரியாத்தானே இருக்கு. எழுத்தைக் குறைச்சுக் குடுத்து, "எனக்கு ப்ரேக் வேணும்"னு காட்ட ஒரு பட அட்டையும் குடுங்க. அட்டையைக் காட்டினா உடனே விடணும், ஆரம்பத்துல பேரம் பேசக்கூடாது. சில நேரம் காரணம் சத்தமா இருக்கும், மேல ஓடுற ஃபேன் கிறீச்னு கத்தினாலே போதும், அதையும் கட்டத்துல எழுதுங்க.

21 வகை, 40 சதவீதம், யு.டி.ஐ.டி., இதெல்லாம் டீச்சருக்கு எதுக்கு? சம்பளமாவது ஒழுங்கா வருமா?
*வாசகர், திசையன்விளை*

பெத்தவங்க உங்ககிட்டத்தான் முதல்ல கேப்பாங்க, அதுக்குத்தான். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஏழு வகைக் குறைபாடுதான், ஆட்டிஸமும் கற்றல் குறைபாடும் அதுல கிடையாது, 2016 சட்டம் 21 ஆக்குச்சு. குறைபாடு 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தாத்தான் பல சலுகைக்கு வாசல் திறக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு குடுக்கிற அடையாள அட்டைதான் யு.டி.ஐ.டி. ஆறுல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி அந்த 40 சதவீதக் கணக்குல வர்ற பிள்ளைங்களோட உரிமை. சம்பளம்னா, வட்டார வள மையம் வழியா அரசுப் பள்ளிகளுக்குப் போற சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்துலதான் இருக்காங்க, நிரந்தரம் கேட்டுப் போராடிக்கிட்டுத்தான் இருக்காங்க. தொடக்கப் பள்ளியில பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதுக்கு மேல 15 பிள்ளைக்கு ஒருத்தர்னு சுப்ரீம் கோர்ட்டு 2021-லயே சொல்லியிருக்கு, அந்தக் கணக்குல போட ஆரம்பிச்சா ஆள் கொள்ளையா வேணும். அதனால கோர்ஸை முடிச்ச கையோட சி.ஆர்.ஆர். நம்பரை வாங்கி வச்சிருங்க, அறிவிப்பு வந்தப்புறம் விண்ணப்பிச்சா கையில வர்றதுக்குள்ள தேதி போயிரும்.